சும்மா கிடைத்த ஸ்ட்ரைக்கரும் வெளியே உட்கார்ந்த பையனும்

போன வாரம் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன். புதிதாகத் தோட்டத்துக் காற்பந்துக் குழு தொடங்கியிருக்கும் தம்பி ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தார். "அண்ணே, ஈப்போவுல ஒரு ஸ்ட்ரைக்கர் சும்மா இருக்காரு. கான்ட்ராக்ட் முடிஞ்சிருச்சு, டிரான்ஸ்ஃபர் காசு ஒரு சென் வேணாம். ஆட்டத்துக்கு 300 வெள்ளி குடுத்தா வந்துருவாரு."

அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் இதே கடையில் இதையேதான் சொன்னேன்.

புதிதாகக் குழு நடத்துகிறவர்கள் செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். பதிவு நாளைத் தவறவிடுவது, ஜெர்சிக் காசை வசூலிக்க மறப்பது எல்லாம் ஒருமுறை பட்டால் தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயரைப் பார்த்து ஆள் எடுப்பது

பெயரை விடுங்கள், முட்டி இன்னும் தாங்குமா என்று பாருங்கள்.

பையன் ஆடும் இடத்தில் வாடகை ஆளை நிறுத்துவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. அந்த வருடம் எங்கள் லயத்துப் பையன் ஒருவன் முன்வரிசையில் ஆடினான். பதினேழு வயது, நல்ல இடது கால். அவன் போதாது என்று நினைத்து, முன்பு மாநிலத்துக்கு ஆடிய ஒருவரை இறக்கினேன். முதல் ஆட்டத்தில் இரண்டு கோல். தோட்டமே என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

மூன்றாவது ஆட்டத்திலேயே கோளாறு தெரிந்தது. யார் காலில் பந்து கிடைத்தாலும் அவரைத் தேடித்தான் போனது. பந்து பறிபோனால் அவர் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவார். அவர் ஓட வேண்டியதையும் நடுக்களத்து ஆட்கள் ஓடி, கடைசி இருபது நிமிடத்தில் கால் செத்துப் போவார்கள். செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கும் அவர் வரமாட்டார். திடலில் பழகியது ஓர் ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை ஆடியது வேறு ஆட்டம்.

அரையிறுதி அன்று காலையில் ஒரு செய்தி அனுப்பினார். வேறு குழு 500 தருகிறதாம். இரண்டு மாதமாக வெளியே உட்கார்ந்திருந்த பையனை அவசரமாக இறக்கினேன். மூச்சு வாங்கியது, பாவம். மூன்று கோலில் தோற்றோம். அடுத்த மாதம் அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். பூட்ஸைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

எட்டு ஆட்டத்துக்கு 2,400 வெள்ளி, பெட்ரோல் தனி. அந்தக் காசில் சின்னப் பையன்களுக்குப் பந்தும் வேன் வாடகையும் ஒரு வருடத்துக்குப் பார்த்திருக்கலாம்.

வெளியாள் எடுக்கவே கூடாதா? எடுக்கலாம். கோல்கீப்பர், நடுத் தற்காப்பு மாதிரி, பின்னால் நின்று மற்றவர்களைச் சத்தம் போட்டு நகர்த்தும் இடங்களுக்கு எடுங்கள். பையன்களுக்கு அது சீக்கிரம் வராது. வாரம் ஒரு பயிற்சிக்காவது வர வேண்டும் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

பையன்கள் மட்டும் போதும் என்று நினைப்பது

இதற்கு எல்லாரும் தன் பையன்களையே வளர்த்து ஆடவைத்த நெதர்லாந்துக் கிளப் அயாக்ஸைத்தான் காட்டுவார்கள். 1995 ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் இத்தாலியின் மிலானுக்கு எதிரான ஒரே கோலை அடித்த கிளைவர்ட்டுக்கு 18 வயது, சரி. பந்தைக் கொடுத்த ரைக்கார்டுக்கு 32. அவர் மிலானில் ஆடிவிட்டுத் திரும்பி வந்தவர் என்பதை யாரும் சொல்வதில்லை.

வாய்ப்பேச்சோடு விடுவது

அயாக்ஸ் வென்ற அதே 1995 டிசம்பரில், பாஸ்மேன் என்ற பெல்ஜிய ஆட்டக்காரரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கட்டணமில்லாமல் வேறு குழுவுக்குப் போகலாம் என்றானது. 1996-இல் அயாக்ஸின் டேவிட்ஸும் ரெய்சிகரும், மறுவருடம் கிளைவர்ட்டும் மிலானுக்கே போனார்கள். வளர்த்த அயாக்ஸுக்கு ஒரு காசு இல்லை.

நமக்கும் தாளில் இருந்தால்தான் ஏதாவது கிடைக்கும். நம் பையன் ஒருவன் நாளைக்கு ஒரு வெளிநாட்டுக் கிளப்புக்கு விலைபோனால், 12 முதல் 23 வயது வரை அவனைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்கு அந்தத் தொகையில் 5 விழுக்காட்டைப் பிரித்துக் கொடுக்க ஃபிஃபா விதி இருக்கிறது. முறையாகப் பதிவு செய்யாத குழு அதில் பங்கு கேட்க முடியாது. அதனால் பதிவுப் படிவத்தின் நகலைத் தகரப் பெட்டியில் வையுங்கள். நான் அட்டைப் பெட்டியில் வைத்திருந்தேன், கரையான் தின்றுவிட்டது.