வீட்டு பீரில் ஹாப்ஸ்: கைதவறும் இடங்கள்

தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் இடம் தராது. இது, அனுமதி உள்ள நாடுகளில் அடுப்பும் பெரிய பானையும் வைத்திருப்பவர்களுக்கு.

பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூதான் ஹாப்ஸ். '30 கிராம் ஹாப்ஸ்' என்று ரெசிபியில் இருந்தால் எடையை மட்டும் பார்த்துப் போடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. நானும் செய்தேன். ரெசிபி கேட்ட கேஸ்கேட் வகை ஹாப்ஸ் கடையில் இல்லை, சிட்ரா என்ற வகை இருந்தது. அதே 30 கிராம் போட்டேன். நிலவேம்புக் கஷாயம் தோற்றுவிட்டது. 20 லிட்டர்!

ஹாப்ஸ் பூவுக்குள் இருக்கும் மஞ்சள் தூளில் ஆல்ஃபா அமிலங்கள் இருக்கின்றன. கொதிக்கும்போது அவை உருமாறி வோர்ட்டில் (ஈஸ்ட் சேர்ப்பதற்கு முந்தைய இனிப்பான தானியச் சாறு) கரைவதால்தான் பீர் கசக்கிறது. இந்த அமிலம் வகைக்கு வகை மாறும். செக் நாட்டு சாஸ் என்ற வகையில் 3-4 சதவீதம், கேஸ்கேடில் 5-7, சிட்ராவில் 11-க்கும் மேல். 20 லிட்டரில் 6 சதவீத கேஸ்கேட் 30 கிராமை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் சுமார் 20 ஐபியூ (பீரின் கசப்பை அளக்கும் அலகு) கிடைக்கும். 12 சதவீத சிட்ராவென்றால் 40. ஒரே வகையிலும் அறுவடைக்கு அறுவடை அளவு மாறும் என்பதால் பாக்கெட்டில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து எடையைக் கூட்டிக் குறையுங்கள். கசப்புக்கு மட்டும் என்றால் மேக்னம் என்ற வகை போதும். விலை கூடிய சிட்ராவை ஒரு மணி நேரம் கொதிக்கவைப்பது காசைக் கரியாக்குகிற வேலை.

அடுத்தது நேரம். ரெசிபியில் '5 நிமிடம்' என்று இருந்தால், கொதி தொடங்கி ஐந்தாவது நிமிடம் என்று பொருளில்லை. அடுப்பை அணைக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது என்று பொருள். கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டால் வாசனைக்கு வாங்கிய ஹாப்ஸ் முழுக்கக் கசப்பாகிவிடும். கசப்புக்கு வாங்கியது வேலையே செய்யாது.

நம் வீட்டு ரசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நுரை கட்டியதும் இறக்காமல் தளதளவென்று கொதிக்கவிட்டால் வாசனை போய்விடும். ஹாப்ஸின் வாசனை எண்ணெய்களும் அப்படித்தான், ஆவியோடு பறந்துவிடும். கசப்புக்கோ கொதி வேண்டும். ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் கசப்பில் 15 நிமிடத்தில் பாதி வரும், 5 நிமிடத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரும். ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிட்டாலும் கசப்பு பெரிதாகக் கூடிவிடாது. 1980-இல் கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரில் பிறந்த சியரா நெவாடா பேல் ஏல் என்ற பீரில் பம்பளிமாஸ் தோல் போல ஒரு வாசனை வரும். கடைசியில் சேர்க்கும் கேஸ்கேட் செய்யும் வேலை அது.

அடுப்பை அணைத்ததும் ஹாப்ஸைக் கொட்டிவிட்டுப் பானையை அப்படியே விடுவதும் தவறு. சூடு இருக்கும்வரை கசப்பு ஏறிக்கொண்டே இருக்கும். 80 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி, அப்புறம் ஹாப்ஸ் போட்டு, 20 நிமிடம் கழித்து வேகமாகக் குளிரவையுங்கள்.

ட்ரை ஹாப்பிங்கில், அதாவது கொதிக்கவிடாமல் ஆறிய பீரில் ஹாப்ஸை ஊறவைப்பதில், 'நாள் கூடினால் வாசனை கூடும்' என்று நினைத்து இரண்டு வாரம் ஊறவிடுகிறார்கள். முதல் இரண்டு மூன்று நாளிலேயே பெரும்பகுதி இறங்கிவிடும். அதன்பின் பச்சிலை வாடைதான் மிச்சம். பீர் நொதிக்கும் பாத்திரமான ஃபெர்மென்டரை அடிக்கடி திறந்து பார்க்கவும் வேண்டாம், உள்ளே போகும் ஆக்ஸிஜன் வாசனையைக் கெடுக்கும்.

இதில் இன்னொரு சங்கடம். ஹாப்ஸில் உள்ள என்சைம்கள், ஈஸ்ட் தொடாமல் விட்ட மாவுச்சத்துத் துண்டுகளைச் சர்க்கரையாக உடைக்கும். முடிந்த நொதித்தல் மறுபடி தொடங்கும். அது தெரியாமல் பாட்டிலில் அடைத்தால், அழுத்தம் ஏறி பாட்டில் வெடிக்கலாம். பீரில் மிச்சமுள்ள சர்க்கரையைக் கணிக்க உதவும் ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டிய பிறகு அடையுங்கள்.

பிரித்த பாக்கெட்டைக் காற்றுப்புகாமல் மூடி ஃப்ரீசரில் வையுங்கள். பழைய சீஸ் வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள். பீரைக் நிறமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் வைக்க வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருளே நாற்றமாக மாறும்.

வீட்டில் நாய் இருந்தால் ஹாப்ஸ் சக்கையைத் தோட்டத்து உரக்குழியில் கொட்டாதீர்கள். அதைத் தின்ற நாய்க்கு உடல் சூடு தாறுமாறாக ஏறி உயிரே போகலாம். மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள்.