வீட்டு மில்லிங் மிஷினுக்கு எண்ட் மில் வாங்கப் போறீங்களா, செட்டா வாங்காதீங்க

கோயமுத்தூர்ல கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் எந்தச் சந்துக்குள்ள போனாலும் லேத்து ஓடற சத்தம் கேக்கும், அங்கயே இருந்துட்டு நான் யாரையும் கேக்காம ஆன்லைன்ல 20 பீஸ் எண்ட் மில் (மில்லிங் மிஷின்ல சுத்தி மெட்டலச் சீவற கட்டர்) செட்டு வாங்கிட்டனுங்க. மஞ்சக் கோட்டிங் பளபளன்னு இருந்துச்சு, ஆனா எம்எஸ்ல (மைல்டு ஸ்டீல், சாதா இரும்பு) ரெண்டு ஸ்லாட் (நீளமான பள்ளம்) போட்டதுமே முனை மழுங்கி, மூணாவதுல ஒடஞ்சே போச்சு. பக்கத்துப் பட்டறை அண்ணன் அதைக் கையில வாங்கிப் பாத்துட்டு "ஏன் தம்பி, இந்தக் காசுக்கு நல்ல கட்டரா நாலு வாங்கியிருக்கலாமே"ன்னாரு. அப்பறம் அவருகிட்ட கத்துக்கிட்டதும் ஓட்டிப் பாத்ததும்தான் இதெல்லாம்.

மொதல்ல உங்க மிஷின் எத்தனை ஆர்பிஎம் (நிமிசத்துக்கு எத்தனை சுத்து) ஓடும்னு பாருங்க. கட்டிங் ஸ்பீடை (பல்லு முனை நிமிசத்துக்கு எத்தனை மீட்டர் ஓடுதுங்கறது) 318-ஆல பெருக்கி எம்எம்ல இருக்கற கட்டர் விட்டத்தால வகுத்தா ஆர்பிஎம் வந்துரும். எம்எஸ்ஸுக்கு ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) கட்டர்னா நிமிசத்துக்கு 25 மீட்டர் வெச்சுக்கலாம், 6 எம்எம்முக்கு 1325 வருது, சின்ன மிஷின்லயே ஆராம்சா ஓடும். அதே கார்பைடுக்கு (ஹெச்எஸ்எஸ்ஸை விடக் கெட்டியான கட்டர் வகை) 90 மீட்டர்னு வெச்சா 4770 வேணும், வீட்டு மிஷின் பலதும் 2500-ஐத் தாண்டாது. கார்பைடை மெதுவாவும் ஓட்டலாந்தான், ஆனா அதுக்குக் குடுத்த காசுக்குப் பலன் இல்ல, அதோட அது கண்ணாடி மாதிரி, மிஷின்ல பேக்லாஷ் (ஸ்க்ரூவுல இருக்கற லூசு ஆட்டம்) இருந்து ஜாப் (ஓட்டற மெட்டல் துண்டு) சித்தே அதிர்ந்தாலும் முனை பேந்துரும். அதனால மொதக் கட்டர் நல்ல ஹெச்எஸ்எஸ்ஸாவே இருக்கட்டும், ஆடிசன், டோட்டம் கம்பெனி மாதிரி. ஈஎன் 24, ஸ்டெயின்லெஸ்னு கெட்டியான மெட்டல் ஓட்டறவங்க கோபால்ட் கலந்தது வாங்குங்க, எம்35 கிரேடுல 5 சதவீதம், எம்42 கிரேடுல 8 சதவீதம் கோபால்ட் இருக்கும், சூடு தாங்கும்.

அலுமினியத்துக்கு 2 இல்லாட்டி 3 ஃப்ளூட்டுதான் (ஃப்ளூட்னா கட்டர்ல சுத்தி ஏறற பள்ளம், ஒரு ஃப்ளூட்டுக்கு ஒரு பல்லு). 4 ஃப்ளூட்ல பல்லுக்கு நடுவுல எடம் கம்மி, சுருள் வெளிய வராம அடச்சுக்கிட்டு கட்டர் ஒடஞ்சுரும். கோட்டிங் இல்லாம பாலிஷ் பண்ணுனதா பாருங்க, டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு கோட்டிங் போட்டது அலுமினியத்துக்கு ஆகாது, ஒட்டிக்கும். பிரஷ்ஷுல சீமெண்ணெய் தொட்டுத் தொட்டு ஓட்டுனா ஃபினிஷிங் அருமையா வரும், பக்கத்துல நெருப்பு மட்டும் ஆகாது. எம்எஸ்ல சைடு ஓட்ட 4 ஃப்ளூட் நல்லாருக்கும். நேரா கீழ எறக்கணும்னா சென்டர் கட்டிங் கட்டரான்னு (அடியில நடு வரைக்கும் பல்லு இருக்கறது) பாருங்க, அடியில நடுவுல குழி இருந்தா அது எறங்காது.

இனி நீளம், நெறயப் பேரு கோட்டை விடறது இங்கதான். கட்டர் வெளிய நீட்டிட்டு இருக்கற நீளம் ரெண்டு மடங்கானா அது வளையறது எட்டு மடங்காகுதுங்க, விட்டம் ரெண்டு மடங்கானா 16 மடங்கு கெட்டியாகுது. பின்னால ஒதவும்னு லாங் சீரிஸ் வாங்காதீங்க, வேலைக்கு எவ்ளோ குட்டையா முடியுமோ அவ்ளோ குட்டை, எவ்ளோ தடியா முடியுமோ அவ்ளோ தடி. 6, 10, 12 எம்எம்ல ஒவ்வொண்ணு இருந்தா மொத வருசம் ஓடிரும்.

முடிஞ்சா கடையில நேர்ல பாத்து வாங்குங்க. 10 மடங்கு லென்ஸ் ஒண்ணு பாக்கெட்ல போட்டுக்குங்க, கட்டிங் எட்ஜ்ல பிசிரோ பொக்கையோ இருக்கக் கூடாது, எல்லாப் பல்லும் ஒரே மாதிரி அரைச்சிருக்கணும், ஷேங்க்ல (மிஷின்ல புடிக்கற தண்டு) அளவும் கிரேடும் அடிச்சிருக்கணும். எட்ஜை மெதுவா நகத்து மேல இழுத்தா நகம் சீவணும், வழுக்குனா வேண்டாம். கார்பைடுன்னு சொல்லித் தந்தா கையில தூக்கிப் பாருங்க, அதே சைஸ் ஹெச்எஸ்எஸ்ஸை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வெயிட் இருக்கும். கோயமுத்தூர் கொடிசியா வளாகத்துல இன்டெக் மிஷின் கண்காட்சி நடக்கறப்போ போனீங்கன்னா கட்டர் கம்பெனிக்காரங்ககிட்டயே ஜாப் மெட்டீரியலச் சொல்லி வெவரம் கேக்கலாம்.

டிரில் சக்குல எண்ட் மில் புடிக்கவே கூடாதுங்க, சைடு லோடுல சக்கு அது உக்காந்திருக்கற டேப்பர்ல (கூம்பு மாதிரி சரிவான தண்டு) இருந்து கழண்டுரும், ஆபத்து. ஈஆர் காலட்ல (கட்டரைச் சுத்தி எறுக்கிப் புடிக்கற வெடிப்பு விட்ட வளையம்) மாட்டி டயல் கேஜ் வெச்சு ரன் அவுட் (கட்டர் நடு தப்பி ஆடிச் சுத்தறது) பாருங்க. அது ஜாஸ்தி இருந்தா ஒரே பல்லு மட்டும் வேல செஞ்சு எவ்ளோ நல்ல கட்டரும் சீக்கிரம் மழுங்கிரும். வேலை முடிஞ்சதும் ஒண்ணோட ஒண்ணு இடிக்காம தனித்தனி டியூப்ல வைங்க.

மழுங்குன ஹெச்எஸ்எஸ்ஸைத் தூக்கிப் போட வேண்டாம், கட்டர் கிரைண்டிங் பண்ற பட்டறையில சாணை புடிச்சுத் தருவாங்க. முனைய மட்டும் புடிச்சா விட்டம் மாறாது, சைடும் புடிச்சா 10 எம்எம் கட்டர் 9.8 மாதிரி எறங்கிரும், திரும்ப வந்ததும் மைக்ரோமீட்டர்ல அளந்து டியூப் மேல எழுதி ஒட்டீருங்க, இல்லாட்டி அடுத்த தடவ போடற ஸ்லாட்டுல கீ (ஷாஃப்ட்ல செருகற இரும்புக் கட்டை) எறங்காது.