பறக்கும் விமானத்தின் மேல் அணுவெடிப்பின் தாக்கம்: அளக்கும்போது சறுக்கும் இடங்கள்

அணுகுண்டு வெடிக்கும்போது பறக்கும் விமானம் எவ்வளவு பாதிக்கப்படுகிறது என்று அளப்பதில் அடிக்கடி நடக்கும் தவறு, வெப்பத்துக்கும் அதிர்ச்சி அலைக்கும் (வெடிப்பில் எழும் அழுத்த அலை) ஒரே தூரத்தை வைத்துக் கணக்குப் போடுவதுதான். வெப்பம் ஒளியின் வேகத்தில் வந்துவிடும். அலையோ தொலைவு போகப் போகத் தணிந்து, ஏறக்குறைய ஒலியின் வேகத்தில்தான் துரத்தி வரும். அதற்குள் விமானம் எங்கோ போயிருக்கும்.

1961 அக்டோபர் 30 அன்று சோவியத் யூனியன் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான நோவாயா ஸெம்ல்யாவில் வெடித்த 50 மெகாடன் (ஒரு மெகாடன் என்பது பத்து லட்சம் டன் டிஎன்டி வெடிமருந்தின் வலிமை) ‘ஸார்’ குண்டைப் பாருங்கள். வெடித்த கணத்தில், அதைப் போட்டுவிட்டு விலகிய டியூ-95 விமானம் சுமார் 40-45 கி.மீ. தொலைவில் இருந்தது. அலை எட்டிப்பிடித்தபோது தூரம் சுமார் 115 கி.மீ. வெப்பத்துக்கு முதல் எண், அழுத்தத்துக்கு இரண்டாம் எண். மாற்றிப் போட்டால் கணக்கே கெட்டுவிடும்.

அலை ஒன்றுதான் வரும் என்று நினைத்து, முதல் அதிர்வோடு பதிவை நிறுத்திவிடுவதும் கூடாது. ஹிரோஷிமாவில் அணுகுண்டைப் போட்டுவிட்டு விலகிக்கொண்டிருந்த ‘எனோலா கே’ விமானத்தை இரண்டு அலைகள் குலுக்கின. ஒன்று நேராக வந்தது, மற்றது தரையில் பட்டுத் திரும்பியது. தரையை ஒட்டிய இடங்களில் இந்த இரண்டும் சேர்ந்து ஒரே அலையாகிவிடும். அதனால் தரையில் எடுத்த அழுத்த அளவுகளை அப்படியே வானத்துக்குப் பொருத்த முடியாது.

சரி, அழுத்தத்தைச் சரியாகவே அளந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். ஹிரோஷிமாவுக்கு அன்று ‘எனோலா கே’யுடன் சென்ற ‘கிரேட் ஆர்ட்டிஸ்ட்’ விமானம் பாராசூட்டில் இறக்கிய கருவிகள் காற்றின் அழுத்தத்தை ரேடியோ வழியே அனுப்பின. குண்டின் வலிமையைக் கணிக்க அது போதும். இறக்கை எவ்வளவு வளைந்தது என்பதை அது சொல்லாது. அலைக்குப் பின்னால் வீசும் காற்று வாலிலிருந்து வருகிறதா, பக்கவாட்டில் தாக்குகிறதா, டேங்கில் எவ்வளவு எரிபொருள் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சுமை மாறும். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் ஸ்ட்ரெயின் கேஜ் (உலோகம் எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்று அளக்கும் கருவி) ஒட்டாமல் இதைப் பிடிக்க வழியில்லை.

வெப்பத்தில் சறுக்குவது பெரும்பாலும் சென்சார் வைக்கும் இடத்தில்தான். தடித்த சட்டத்தில் வைத்த தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் சென்சார்) ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்று காட்டும். பக்கத்திலேயே மெல்லிய தகடு, அதுவும் கறுப்பு பெயின்ட் அடித்தது, கொப்பளித்துப் போயிருக்கும். வந்து விழும் வெப்பத்தின் அளவைக் காட்டும் கலோரிமீட்டரை வெடிப்பை நோக்கி மட்டும் திருப்பி வைப்பதும் ஆபத்துதான். கீழே மேகமோ பனியோ இருந்தால் அங்கிருந்து எதிரொளித்து வரும் வெப்பம் விட்டுப்போகும். அப்புறம், சூடேறி வலுவிழந்த தகட்டின் மேல்தான் அலை வந்து மோதுகிறது. இரண்டையும் தனித்தனியாகச் சோதித்துவிட்டுத் ‘தாங்கும்’ என்று எழுதிவிடக் கூடாது.

என் பார்வையில் மிக மோசமான தவறு, குண்டின் வலிமையை முன்கூட்டியே நம்பிவிடுவது. 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிக்கினி தீவில் வெடித்த ‘கேஸில் பிராவோ’ குண்டிடம் அமெரிக்கர்கள் எதிர்பார்த்தது சுமார் 6 மெகாடன், கிடைத்தது 15. வலிமை இரண்டரை மடங்கானால் அதே தொலைவில் வெப்பமும் ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். அதே அழுத்தம் எட்டும் தூரமோ சுமார் 1.36 மடங்குதான் கூடும். ஆகவே சோதனையின்போது விமானத்தை எவ்வளவு தொலைவில் பறக்கவிடுவது என்பதை, எதிர்பார்க்கும் வலிமையை வைத்து அல்ல, அதிகபட்சம் எவ்வளவு வரலாம் என்பதை வைத்து, அதிலும் வெப்பத்தை முதலில் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.