டாக்டர்களுக்கான இண்டெம்னிட்டி பாலிசி: பிரீமியம் எதைப் பார்த்து ஏறுகிறது?

புதிதாகக் கிளினிக் தொடங்கும் டாக்டர்கள் ஸ்கேன் கருவி வாங்க நாலு இடத்தில் விலை விசாரிப்பார்கள். சிகிச்சையில் தவறு என்று நோயாளி வழக்குப் போட்டால் இழப்பீட்டைக் கட்ட உதவும் தொழில்முறை இழப்பீட்டுக் காப்பீடு, அதாவது இண்டெம்னிட்டி பாலிசி என்று வந்தால் மட்டும், "சீனியர் எவ்வளவு கட்டுகிறார்?" என்று கேட்டு அதே தொகையைக் கட்டிவிட்டு வருவார்கள். சீனியர் தோல் மருத்துவர், இவரோ மயக்க மருந்து நிபுணர் என்றால் அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

1995 நவம்பரில், இந்திய மருத்துவ சங்கம் – வி.பி. சாந்தா வழக்கில், கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோயாளி நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழி திறந்தது. இந்தக் காப்பீட்டுக்கு அரசு நிர்ணயித்த ஒரே விலை என்று எதுவும் இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா உள்ளிட்ட பொதுத்துறை நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் தத்தம் கணக்கில் விலை சொல்கின்றன. கணக்கு வேறாக இருந்தாலும், பார்க்கும் விஷயங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு முகவரிடம் போனால், விலை ஏன் அப்படி வருகிறது என்று உங்களுக்கே புரியும்.

படி 1: பட்டத்தை அல்ல, செய்யும் வேலையை எழுதுங்கள்

பிரீமியத்தை நிர்ணயிப்பதில் முதலிடம் இதற்குத்தான். கத்தி எடுக்காத பொது மருத்துவருக்குக் குறைவு. அறுவை செய்பவர்களுக்கு அதற்கு மேல். மயக்க மருந்து, மகப்பேறு, பிளாஸ்டிக் சர்ஜரி போன்ற துறைகளுக்குப் பொதுவாக இன்னும் மேல். தோல் மருத்துவர் என்று மட்டும் படிவத்தில் எழுதிவிட்டு, மாலையில் லேசர் சிகிச்சையும் முடி நடுதலும் செய்தால், வழக்கு வரும் நாளில் அந்தப் பாலிசி வெறும் காகிதம். அழகு சிகிச்சையும் எடைக் குறைப்பு சிகிச்சையும் பல பாலிசிகளில் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க முடியுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

குழந்தைகளும் பிரசவமும் சம்பந்தப்பட்ட துறைகளுக்கு ஏன் விலை ஏறுகிறது என்பதைச் சென்னையிலேயே நடந்த ஒரு வழக்கு விளக்கும். 1996-இல் ஒரு அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை அது. குறைமாதக் குழந்தைகளுக்கு வரக்கூடிய விழித்திரைப் பாதிப்பைச் சோதித்துப் பார்க்கும்படி பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது; குழந்தை பார்வையை இழந்தது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. அதுவரை ஆன செலவோடு நிற்காமல், அந்தப் பெண் வாழப்போகும் காலம் முழுவதற்குமான மருத்துவச் செலவையும், அதோடு ஏறப்போகும் விலைவாசியையும் நீதிமன்றம் கணக்கில் சேர்த்தது. அறுபது வயதுக்காரருக்கு நேரும் பாதிப்புக்கும், பிறந்த குழந்தைக்கு நேரும் பாதிப்புக்கும் இழப்பீடு ஒன்றாக இருக்காது. காப்பீட்டு நிறுவனம் அஞ்சுவது இதற்குத்தான்.

படி 2: ஒரு வழக்குக்கு எவ்வளவு, ஓர் ஆண்டுக்கு எவ்வளவு?

பாலிசியில் இரண்டு உச்சவரம்புகள் இருக்கும். ஒரே சம்பவத்துக்கு நிறுவனம் தரக்கூடிய அதிகபட்சத் தொகை ஒன்று. ஆண்டு முழுவதற்குமான அதிகபட்சத் தொகை மற்றொன்று. இரண்டுக்கும் உள்ள விகிதத்தை 1:1, 1:2, 1:4 என்று குறிப்பார்கள்.

ஆண்டு வரம்பு 1 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 1:4 என்றால் ஒரு வழக்குக்கு 25 லட்சம்தான் கிடைக்கும். மீதி வேறு வழக்குகள் வந்தால் மட்டுமே. 1:1 என்றால் ஒரே வழக்குக்குக் கோடி ரூபாயும் கிடைக்கும். இரண்டிலும் முகவர் உச்சரிப்பது "ஒரு கோடி பாலிசி" என்ற ஒரே சொல்லைத்தான். முதலாவதற்குப் பிரீமியம் குறைவு என்பதால் அதுவே அதிகம் விற்கிறது.

என் கருத்து இதற்கு நேர்மாறானது. தனியாகக் கிளினிக் நடத்துபவர் மீது ஒரே ஆண்டில் நான்கு வழக்குகள் விழுவது அரிது. குடும்பத்தைக் கடனில் தள்ளுவது ஒரே ஒரு பெரிய வழக்குதான். கட்டக்கூடிய பிரீமியம் இவ்வளவுதான் என்றால், ஆண்டு வரம்பைக் குறைத்து, ஒரு வழக்குக்கான வரம்பை உயர்த்துங்கள்.

எவ்வளவு உயர்த்துவது? உங்களிடம் வருகிற நோயாளிகளைப் பாருங்கள். சிகிச்சையில் நடந்த கவனக்குறைவால் இறந்த அனுராதா சாஹாவின் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் 5.96 கோடி ரூபாயும் அதற்கு வட்டியும் கொடுக்கச் சொன்னதில், அவர் அமெரிக்காவில் ஈட்டியிருக்கக்கூடிய வருமானத்துக்கும் பங்கு உண்டு. பழைய மகாபலிபுரம் சாலையில் கிளினிக் வைத்து மென்பொருள் ஊழியர்களைப் பார்க்கும் டாக்டருக்கும், ஓய்வு பெற்றவர்களை அதிகம் பார்க்கும் டாக்டருக்கும் ஒரே வரம்பு போதாது.

வெளிநாட்டு நோயாளிகள் வருகிறார்களா? சாதாரணப் பாலிசி பெரும்பாலும் இந்திய நீதிமன்றங்களோடு நின்றுவிடும். அவர் ஊர் திரும்பி அங்கே வழக்குப் போட்டால் அது தனிக் கதை. அதற்கான விரிவாக்கம் விலையைக் கணிசமாக ஏற்றும்.

வக்கீல் செலவு இந்த வரம்புக்குள்ளேயே கழியுமா, வெளியே தனியாகக் கிடைக்குமா என்பதையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: பின்தேதியைக் கவனியுங்கள்

இந்த விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். நம் ஊரில் இந்தப் பாலிசிகள், சிகிச்சை நடந்த நாளில் பாலிசி இருந்ததா என்பதோடு நிற்பதில்லை. நோயாளியின் இழப்பீட்டுக் கோரிக்கை வரும் நாளிலும் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். பாலிசியில் 'பின்தேதி' என்று ஒரு நாள் அச்சாகியிருக்கும். அதற்கு முன் செய்த சிகிச்சைக்குக் காப்பு இல்லை.

2021 ஏப்ரல் 1 முதல் விடாமல் புதுப்பித்து வருகிறீர்கள். 2024-இல் செய்த அறுவைக்கு 2025-இல் நோட்டீஸ் வருகிறது என்றால் கவலையில்லை. இடையில் ஓர் ஆண்டு விட்டுவிட்டு 2025-இல் புதிதாக எடுத்திருந்தால், பின்தேதியும் 2025 ஆகிவிடும். அந்த அறுவை வெளியே போய்விடும். புகார் கொடுக்க நுகர்வோர் சட்டம் 2 ஆண்டு அவகாசம் தருகிறது. தக்க காரணம் காட்டினால் ஆணையம் தாமதத்தையும் மன்னிக்கும். ஆகவே, ஓய்வு பெற்ற மறுநாளே பாலிசியை நிறுத்துவது சரியல்ல.

பழைய பின்தேதியை ஏற்பதென்றால் அத்தனை ஆண்டுப் பொறுப்பையும் நிறுவனம் சுமக்கிறது. புதிய நிறுவனத்துக்கு மாறும்போது விலை திடீரென்று குறைந்தால், உங்கள் பழைய தேதி காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: கிளினிக்கில் ஊசி போடுவது யார்?

மாலை ஏழு மணிக்குக் கூட்டம் நெரிகிறது. டாக்டர் உள்ளே, வெளியே டோக்கன் கொடுக்கும் பெண்ணே ஊசியும் போடுகிறார். படிப்பு பிளஸ் டூ, அனுபவம் பத்து ஆண்டு. அவர் போட்ட ஊசியால் நரம்பு பாதித்தால், நோட்டீஸில் இருப்பது உங்கள் பெயர்தான்.

படிவத்தில் தகுதி பெற்ற ஊழியர்கள் எத்தனை பேர், தகுதி பெறாதவர்கள் எத்தனை பேர் என்று தனித்தனியாகக் கேட்பார்கள். இரண்டாவது எண் ஏற, பிரீமியம் ஏறும். அதை மறைத்துச் சேமிக்கும் பணம் அற்பம். உண்மையை எழுதுங்கள், அதைவிட மேல், பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவரை வேலைக்கு வையுங்கள்.

சொந்த மருத்துவமனை இருந்தால் அதற்குத் தனிப் பாலிசி வேண்டும். படுக்கைகள், உள்நோயாளிகள், புறநோயாளிகள் எண்ணிக்கை எல்லாம் அதன் விலையில் சேரும். பெரிய மருத்துவமனையில் ஆலோசகராகப் போய்வருபவர்கள், அங்குள்ள பாலிசி தங்களையும் காக்கும் என்று தாங்களாகவே முடிவு செய்துகொள்ள வேண்டாம். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 5: மிச்சமுள்ள சில்லறை விஷயங்கள்

ஏற்கெனவே வந்த வழக்கு, நோட்டீஸ் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். விலை ஏறும் என்பது உண்மை. மறைத்தால் கோரிக்கையே நிராகரிக்கப்படலாம். இழப்பீட்டில் முதலில் நீங்களே கையிலிருந்து ஏற்கும் பங்குத் தொகையை உயர்த்திக்கொண்டால் பிரீமியம் குறையும். பிரீமியத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. 2025 செப்டம்பரில் வரி நீக்கப்பட்டது தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்குத்தான், இதற்கு அல்ல.

மது அருந்திவிட்டுப் பார்த்த சிகிச்சைக்கோ, சட்டத்தை மீறிய செயலுக்கோ, நீதிமன்ற அபராதத்துக்கோ பாலிசி வராது. எவ்வளவு கட்டினாலும் அதை விலைக்கு வாங்க முடியாது.

உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. ஒழுங்காக எழுதிய கேஸ் ஷீட்டுக்குத் தள்ளுபடி எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் வழக்கில் உங்களுக்காகப் பேசப்போவது அதுதான்.

படி 6: ஒரே தாளை எல்லோரிடமும் கொடுங்கள்

இதுவரை எழுதிய தாளைப் பிரதி எடுத்து, குறைந்தது மூன்று நிறுவனங்களிடமும், நீங்கள் உறுப்பினராக உள்ள சங்கத்தின் குழுத் திட்டத்திலும் கொடுத்து விலை கேளுங்கள். சங்கத் திட்டங்கள் பல நேரம் மலிவானவை. அது காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசியா, உறுப்பினர்கள் பணத்தில் நடக்கும் நிதியா என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மிகக் குறைந்த விலை சொன்னவரிடம் தாளின் ஒவ்வொரு வரிக்கும் பதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பாலிசி கைக்கு வந்ததும் முதல் பக்கத்தில் துறை, ஒரு வழக்குக்கான வரம்பு, பின்தேதி, ஊழியர் எண்ணிக்கை ஆகிய நான்கையும் சரிபாருங்கள். ஒன்று தவறாக இருந்தாலும் அன்றே திருத்தம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். திருத்திய பக்கம் வரும்வரை விடாதீர்கள்.