ரியோ டி ஜெனிரோவில் ஒரே நாள்: தம்பதியாகப் போகிறவர்களுக்கு ஒரு திட்டம்

ரியோவில் ஒரே ஒரு நாள்தான் என்றால், எதைப் பார்ப்பது என்பதைவிட எதை எந்த நேரத்தில் பார்ப்பது என்பதுதான் முக்கியம். கிறிஸ்து சிலை காலையில், சுகர்லோஃப் மலை மாலையில், நடுவில் நகரமும் கடற்கரையும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கொர்கொவாடோ மலையில் 710 மீட்டர் உயரத்தில் நிற்கும் கிறிஸ்து சிலை கிழக்கே பார்க்கிறது. காலையில் வெயில் நேராக முகத்தில் விழும். மதியம் தாண்டினால் சூரியன் சிலையின் முதுகுப் பக்கம் போய்விடும். நீங்கள் எடுக்கும் எல்லாப் படத்திலும் முகம் கறுத்திருக்கும். மாலையில் சுகர்லோஃபில் நின்றால் இதே கொர்கொவாடோ நேர் மேற்கே தெரியும். சூரியன் அந்தப் பக்கம்தான் இறங்கும். மார்ச், செப்டம்பர் கடைசியில் ஏறக்குறைய மலைக்குப் பின்னாலேயே மறையும்.

காலையில் கிளம்புமுன் ஒரே ஒரு வேலை: மலையுச்சியைப் பாருங்கள். கீழே போட்டாஃபோகோ என்ற பகுதியிலிருந்து சிலை தெரியவில்லை என்றால் மேலே வெறும் வெண்மேகம்தான் இருக்கும். அப்போது நகரத்தை முதலில் முடித்துவிட்டு, மேகம் விலகியதும் மேலே போகலாம். இதனால்தான் டிக்கெட்டை ஒரு வாரம் முன்பே எடுத்து மாட்டிக்கொள்ளாமல், முந்தைய நாள் வானிலையைப் பார்த்து எடுப்பது நல்லது. கார்னிவல், டிசம்பர் கடைசி போன்ற நெரிசல் நாட்களில் மட்டும் இது சரிப்படாது. அப்போது முன்பதிவுதான் ஒரே வழி.

மலை ரயில் கோஸ்மி வெல்யோ நிலையத்திலிருந்து புறப்படுகிறது. 1884இல் தொடங்கிய பாதை இது. சிலை கட்டும்போது பொருட்களும் இதே ரயிலில்தான் ஏறின. மேலே போக 20 நிமிடம் ஆகும். ஏறும்போது வலப்பக்க இருக்கையைப் பிடியுங்கள், காட்சிகள் அங்கேதான். அந்த நிலையத்துக்கு மெட்ரோ கிடையாது. லார்கோ டோ மஷாடோ வரை மெட்ரோவில் போய், அங்கிருந்து ஊபர் எடுங்கள். கூடியவரை அன்றைய முதல் ரயிலிலேயே ஏறிவிடுங்கள். பீடத்தோடு சேர்த்து சிலை 38 மீட்டர், கைகளின் விரிவு 28 மீட்டர். பக்கத்தில் நின்று எடுத்தால் படத்துக்குள் அடங்காது. படம் எடுப்பவர் சில படி கீழே இறங்கி, தரையோடு உட்கார்ந்து, அகல லென்ஸில் கேமராவை மேலே சாய்க்க வேண்டும். நிற்பவர் கொஞ்சம் முன்னால் வர வேண்டும்.

பதினொன்றரைக்கு மேல் வெயில் கடுமையாகிவிடும், கடற்கரைக்கு அது நேரமல்ல. லாப்பா பகுதிக்குப் போய் செலரோன் படிக்கட்டைப் பாருங்கள். சிலி நாட்டிலிருந்து வந்த ஓவியர் ஹோர்கே செலரோன் 1990 முதல் 2013இல் இறக்கும்வரை ஓடு ஓடாகப் பதித்த 215 படிகள். அடியில் படம் எடுக்கக் கூட்டம் நெருக்கும்; பாதி உயரம் ஏறினாலே இடம் கிடைக்கும். உச்சி வழியாக வெளியேறாமல் வந்த வழியே இறங்குங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு 'கிலோ' கடைதான் நமக்கு ஏற்றது. தட்டை நிரப்பி எடை போட்டு, எடைக்குக் காசு. சோறு, கீரை, காய், பொரித்த வாழைப்பழம் எல்லாம் கண்ணெதிரே இருப்பதால் மொழிச் சிக்கல் இல்லை. சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது கருப்பு பீன்ஸ் குழம்பு: பார்க்கப் பருப்பு மாதிரி இருந்தாலும் பல இடங்களில் பன்றி இறைச்சி போட்டே வேகவைக்கிறார்கள். 'செங் கார்னி' (இறைச்சி வேண்டாம்) என்று மட்டும் சொன்னால் கோழியோ ஹாமோ வந்துவிடலாம். 'செங் ஃப்ராங்கு, செங் பெய்ஷி' என்று கோழியையும் மீனையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாவுன் டி கெய்ஜு என்னும் சீஸ் உருண்டை எங்கும் கிடைக்கும். மரவள்ளி மாவில் செய்வது.

இரண்டு மணிக்குக் கடற்கரை. கோபகபானாவின் லெமி முனையைத் தேர்ந்தெடுங்கள், மாலைப் பயணத்துக்கு அதுவே பக்கம். நாற்காலி, குடை வாடகையை உட்காருமுன் கேட்டுவிடுங்கள். துண்டுக்குப் பதில் 'காங்கா' என்ற மெல்லிய துணி வாங்கினால் மணல் ஒட்டாது. அலை கரையோரம் ஓங்கி அடிக்கும், உள்ளிழுப்பும் உண்டு. சிவப்புக் கொடி நட்ட இடத்தில் இறங்கவே கூடாது. ஒருவர் தண்ணீரில், ஒருவர் பையோடு என்று மாற்றி மாற்றிப் போங்கள்.

நகை விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம். தாலிக்கொடியை ஓட்டல் லாக்கரில் வைத்துவிட்டு, அன்றைக்கு மஞ்சள் கயிறு போதும். தங்கச் சங்கிலி பறிப்பு இங்கே சாதாரணம். போனையும் தெருவோரம் நின்று பார்க்காதீர்கள். சைக்கிளில் வருகிறவர்கள் பிடுங்கிப் போவார்கள். ஊபரைக் கடைக்குள் நின்றே அழைத்து, வண்டி வந்ததும் வெளியே வாருங்கள்.

சூரியன் டிசம்பரில் மாலை ஆறரை மணியளவில் மறையும், ஜூனில் ஐந்தேகால் மணிக்கே. அதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, சுகர்லோஃப் கேபிள் கார் கிளம்பும் பிராயா வெர்மெல்யாவில் இருங்கள். கேபிள் கார் இரண்டு கட்டமாகப் போகும்: முதலில் 220 மீட்டர் உர்கா குன்று, அடுத்து 396 மீட்டர் சுகர்லோஃப். முதல் குன்றிலேயே நேரத்தைக் கழித்துவிட்டு இரண்டாவது வரிசையில் மாட்டிக்கொண்டு அஸ்தமனத்தைத் தவறவிடுவோர் ஏராளம். நேராக உச்சிக்குப் போங்கள், உர்காவை இறங்கும்போது பார்க்கலாம். சூரியன் மறைந்ததும் எல்லோரும் இறங்க முண்டியடிப்பார்கள். நீங்கள் அரை மணி பொறுங்கள்; வளைகுடா முழுக்க விளக்கு எரியும், எதிரே கிறிஸ்து சிலை ஒளியில் தெரியும். மேலே காற்று அடிக்கும், மெல்லிய மேல்சட்டை ஒன்று கையில் இருக்கட்டும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் விசாவோடு சேர்த்து மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியையும் முடிக்க வேண்டும். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டால்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்த முடியும். அதனால் தடுப்பூசிச் சான்றிதழான மஞ்சள் புத்தகத்தைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து கைப்பையிலேயே வையுங்கள், செக்-இன் பெட்டியில் போடாதீர்கள்.