லேசர் பல் வெண்மையாக்கல்: பணம் கட்டும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

பல்லை வெளுக்க வைப்பது லேசர் அல்ல, அதற்கு முன்பு பல்லில் தடவும் ஜெல். இதைத் தெரிந்துகொள்ளாமல் போவதில்தான் மற்றத் தவறுகள் பலவும் தொடங்குகின்றன.

அந்த ஜெல்லில் இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. மருத்துவமனையில் செய்யும்போது பெரும்பாலும் 25 முதல் 40 சதவீதம் வரை செறிவுள்ளதைப் பயன்படுத்துகிறார்கள். அது பல்லின் வெளிப்படலமான எனாமலுக்குள் ஊடுருவி, உள்ளே படிந்திருக்கும் நிறப்பொருளை ஆக்சிஜனால் உடைக்கிறது. லேசர் ஒளியின் வேலை ஜெல்லைத் தூண்டி, அதை வேகமாக வேலை செய்ய வைப்பது. 1996-இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்த காலத்திலிருந்தே கேட்கப்படும் கேள்வி, ஒளி சேர்த்தால் பல் கூடுதலாக வெளுக்கிறதா என்பது. செறிவு அதிகமான ஜெல்லைப் பொறுத்தவரை, ஒளியோடு செய்ததற்கும் ஒளியில்லாமல் செய்ததற்கும் சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை என்றே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

ஒளி என்றால் கூடவே சூடும் வரும். பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்மையான திசு இருக்கிறது. அதன் வெப்பம் இயல்பான அளவைவிட 5.5 டிகிரி செல்சியசுக்கு மேல் கூடினால் பாதிப்பு வரலாம் என்பது, 1965-இல் குரங்குகளில் நடந்த சோதனையை வைத்துப் பல் மருத்துவர்கள் இன்றும் மனதில் கொள்ளும் வரம்பு. பழகிய கையில் இந்தச் சூடு கட்டுக்குள்தான் இருக்கும். ஆகவே, மெஷினைப் பார்த்து இடத்தைத் தேர்வு செய்யாதீர்கள், செய்பவரைப் பார்த்துத் தேர்வு செய்யுங்கள். லேசர் என்ற பெயரில் நீல எல்இடி விளக்கு வைத்துச் செய்யும் இடங்களும் உண்டு. விளக்கு மோசமானது என்று சொல்ல வரவில்லை. லேசருக்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு விளக்கைக் காட்டினால்தான் பிரச்சினை. "டாக்டர், இது டயோடு லேசரா, எல்இடி லைட்டா, ஜெல் எத்தனை சதவீதம்?" என்று நேராகக் கேட்கலாம். நல்ல மருத்துவர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

எந்தக் கறை என்று பார்க்காமல் பணம் கட்டுவது

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இது. ஏனென்றால், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வருகிற கறையில் ஒரு பங்குக்கு வெண்மையாக்கலே தேவைப்படாது. காலையும் மாலையும் கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்), சாப்பாட்டுக்கு அப்புறம் வெற்றிலை பாக்கு, பீடி, சிகரெட் இவையெல்லாம் பல்லின் மேற்பரப்பிலும், பல்லில் கெட்டியாக ஒட்டிய காரையிலும் படிகிற கறைகள். குளோர்ஹெக்சிடின் கலந்த மவுத்வாஷை வாரக்கணக்கில் கொப்பளித்தாலும் பழுப்புக் கறை வரும். இரும்புச்சத்து டானிக்கும் அப்படித்தான். இவற்றுக்கு ஸ்கேலிங், அதாவது சாதாரணமாகப் பல் கிளீன் பண்ணுவதே போதும். செலவும் குறைவு. அதைச் செய்து பார்த்துவிட்டு, அப்புறமும் மஞ்சள் தெரிந்தால் வெண்மையாக்கலைப் பற்றி யோசிக்கலாம்.

"கிளீன் பண்ணினால் பல் ஆடும்" என்ற பேச்சு நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. உண்மையில் ஈறுநோயால் ஏற்கெனவே பிடிப்பு இழந்த பல்லைக் காரை மறைத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது. காரையை அப்படியே விட்டு வைத்தால்தான் பல் போகும்.

வயது ஏற ஏற வருகிற மஞ்சளுக்குப் பெராக்சைடு ஜெல் நன்றாகவே பலன் தரும். குழந்தையாக இருந்தபோது சாப்பிட்ட டெட்ராசைக்ளின் மாத்திரையால் வந்த சாம்பல் நிறப் பட்டைகள் ஒரே அமர்வில் போகாது, மாதக்கணக்கில் சிகிச்சை தேவைப்படும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃபுளூரைடு கூடிய தண்ணீர் குடித்து வளர்ந்து, வேலைக்கோ கல்யாணமாகியோ இங்கே வந்தவர்களுக்குப் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புத் திட்டும் இருக்கும். அவர்கள் நேரடியாக வெண்மையாக்கலுக்குப் போனால் அந்த வெள்ளைத் திட்டுகள் முன்பைவிடப் பளிச்சென்று தெரியக்கூடும். அதற்கென வேறு சிகிச்சை முறைகள் இருக்கின்றன, முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரே ஒரு முன்பல் மட்டும் கறுத்திருந்தால் கட்டாயம் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எப்போதோ பைக்கிலிருந்து விழுந்ததிலோ பந்து பட்டதிலோ அந்தப் பல்லின் நரம்பு செத்திருக்கலாம். அதற்கு ரூட் கெனால் செய்து, பல்லின் உள்ளே மருந்து வைத்து வெளுக்க வைப்பார்கள். வெளியிலிருந்து எத்தனை தடவை லேசர் காட்டினாலும் அதற்குச் சரியாகாது.

இன்னொன்று, இது அழகைவிடப் பெரிய விஷயம். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள், பாக்கும் பான்மசாலாவும் மெல்பவர்கள் பல் கறைக்காக வந்தால் முதலில் கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கையும் காட்ட வேண்டும். தேய்த்தாலும் போகாத வெள்ளைப் படலம், இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாயைத் திறப்பது குறைந்துகொண்டே வருவது, காரம் பட்டாலே எரிவது என்று எது இருந்தாலும் வெண்மையாக்கலைத் தள்ளி வைத்துவிட்டு அதைக் கவனிக்க வேண்டும். வாய்ப்புற்றுக்கு முந்தைய நிலையாக அது இருக்கலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ குலசேகரத்தில் உள்ள பல் மருத்துவக் கல்லூரியிலோ போய்க் காட்டுங்கள்.

கேப், ஃபில்லிங், சொத்தை

பல்லின் மேல் மாட்டும் உறையான கேப்பும், சொத்தையை அடைக்கும் ஃபில்லிங்கும் வெளுக்காது. முன்பல்லில் கேப் போட்டவர் மற்றப் பற்களை வெண்மையாக்கினால் அந்த ஒரு பல் மட்டும் மஞ்சளாகத் தனித்து நிற்கும். வரிசை எப்படி என்றால், முதலில் வெண்மையாக்கல், பிறகு சுமார் இரண்டு வாரம் காத்திருப்பு, அதன் பிறகு புது நிறத்துக்கு ஏற்ப ஃபில்லிங் அல்லது கேப் மாற்றுவது. இடையில் காத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பெராக்சைடு விட்டுப்போன ஆக்சிஜன் பல்லில் இருக்கும்வரை ஃபில்லிங் சரியாக ஒட்டாது.

மூடாத சொத்தையோ பல்லில் விரிசலோ இருந்தால் ஜெல் நரம்புவரை போய் வலிக்கும், அதனால் முதலில் அதை அடைக்க வேண்டும். ஈறு இறங்கி வேர் தெரிகிற இடத்தில் கூச்சம் அதிகமாக இருக்கும், அந்த வேர்ப்பகுதி பெரிதாக வெளுக்கவும் செய்யாது. கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் 18 வயது ஆகாதவர்களும் இதைத் தள்ளிப்போடுவதே சரி.

உமிக்கரியும் எலுமிச்சையும்

லேசருக்கு முன்னால் வீட்டிலேயே கொஞ்சம் முயற்சி செய்து பார்ப்போம் என்று உமிக்கரியில் உப்பைச் சேர்த்துத் தேய்ப்பவர்கள் நம் மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். பழைய தலைமுறையின் பழக்கம் என்பதால் அதன்மேல் மதிப்பும் இருக்கிறது. ஆனால் அந்தச் சொரசொரப்பு கறையோடு எனாமலையும் சேர்த்துத் தேய்க்கிறது. எலுமிச்சையும் சமையல் சோடாவும் கலந்து தேய்ப்பது இன்னும் மோசம், அமிலம் எனாமலைக் கரைத்து இளக்கிவிடும். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. அடியில் இருக்கும் டென்டின் இயல்பாகவே மஞ்சள் நிறம் என்பதால், எனாமல் மெலிய மெலியப் பல் கூடுதலாக மஞ்சளடிக்கும். அப்படிப்பட்ட பல்லில்தான் வெண்மையாக்கலின்போது கூச்சமும் தாங்க முடியாமல் போகும்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு

பதிவு பெற்ற பல் மருத்துவர் அல்லாத ஒருவரிடம், அது பியூட்டி பார்லராக இருந்தாலும் சரி, இதைச் செய்துகொள்ளாதீர்கள். சட்டப்படி பல் மருத்துவர்கள் மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

தொடங்கும் முன் ஈறின் மேல் ஒரு பாதுகாப்புப் பூச்சு வைத்து, விளக்கொளியில் இறுக வைப்பார்கள். உங்களுக்கும் மருத்துவருக்கும் உதவியாளருக்கும் அந்த லேசருக்கு உரிய கண்ணாடி வேண்டும், சாதாரணக் கூலிங் கிளாஸ் போதாது. நிற அட்டையைப் பல்லருகே வைத்து ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள், பிறகு எவ்வளவு மாறியது என்று ஊகிக்க வேண்டியிருக்காது. நடுவில் ஈறோ உதடோ எரிந்தால் பொறுத்துக்கொள்ளவே கூடாது, உடனே கையை உயர்த்துங்கள். ஜெல் கசிந்து பட்ட ஈறு வெளுத்துப்போகும். லேசாகப் பட்டிருந்தால் தானாக ஆறிவிடும், அதிக நேரம் பட்டால் புண்ணாகும். "இன்னும் ஒரு ரவுண்டு போடுங்க, இன்னும் வெள்ளையாகணும்" என்று கேட்பதையும் விட்டுவிடுங்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள்

வளைகுடாவிலிருந்து ஒரு மாத லீவில் வந்து, பெண் பார்த்து, கல்யாணமும் முடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு நேரம் குறைவுதான். அதற்காக முகூர்த்தத்துக்கு முந்தின நாள் இதைச் செய்துகொள்ள வேண்டாம். சிகிச்சை முடிந்த முதல் ஒன்றிரண்டு நாட்களில் மின்னல் வெட்டுவது போல் பல் கூசலாம். கல்யாணச் சத்யா விருந்து நேரத்தில் பாயசத்தைக்கூட வாயில் வைக்க முடியாமல் தவிக்க வேண்டியிருக்கும். அதோடு, அன்று கண்ணாடியில் தெரியும் வெண்மை நிலையானதும் அல்ல. வாயை அவ்வளவு நேரம் திறந்து வைத்ததில் பல் உலர்ந்து வெளுத்துத் தெரிகிறது. மழையில் நனைந்த ஓடும் வெயிலில் காய்ந்த ஓடும் நிறம் மாறித் தெரிவதுபோலத்தான். ஓரிரு வாரத்தில் சற்றே இறங்கி, அப்புறம் நிற்கும் நிறமே உண்மையான பலன். ஆகவே இரண்டு மூன்று வாரம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு நாள் மஞ்சளும் மிளகாயும் சேர்ந்த மீன்கறி, கட்டன் சாயா, பீட்ரூட், வெற்றிலை, சிகரெட் எல்லாவற்றையும் ஒதுக்கச் சொல்வார்கள். உணவைப் பற்றி ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை என்றாலும் இரண்டு நாள் பொறுப்பதில் நஷ்டம் எதுவுமில்லை. புட்டும் மட்டிப்பழமும், இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், ஆப்பம், தயிர்ச்சோறு என்று நம் ஊர்ச் சாப்பாட்டில் வெள்ளைக்குப் பஞ்சமே இல்லை. குளிர்ந்த சோடா, கோலா இவை மட்டும் வேண்டாம், அமிலமும் குளிரும் சேர்ந்து கூச்சத்தைக் கூட்டும். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையைச் சில நாள் முன்பிருந்தே பயன்படுத்தினால் கூச்சம் குறையும்.

அவசரமில்லாதவர்கள் லேசரையே எடுக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. உங்கள் பல்லின் அளவெடுத்துச் செய்த ட்ரேயில் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை வைத்து, இரவு தூங்கும்போது போட்டுக்கொள்ளும் முறை 1989-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. இரண்டு வாரம் போல ஆகும், ஆனால் பலன் குறைவில்லை, கூச்சமும் பொதுவாகக் குறைவு. எந்த முறையிலும் நிறம் நிரந்தரமல்ல, ஒன்றிரண்டு வருடத்தில் மெல்லத் திரும்பும். ட்ரே கையில் இருந்தால் மருத்துவரிடம் கேட்டு, சில இரவுகள் மட்டும் போட்டு மறுபடி சரிசெய்துகொள்ளலாம். துபாய்க்குத் திரும்பும் பெட்டியிலும் அது அடங்கும்.

கூச்சம் ஒரு வாரம் தாண்டியும் நின்றாலோ, ஒரே பல்லில் மட்டும் வலி தங்கி இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ கூச்சப் பற்பசையோடு காத்திருக்க வேண்டாம். அது நரம்பு வீங்கியதன் அறிகுறியாக இருக்கலாம், செய்த மருத்துவரிடமே போய் அந்தப் பல்லைக் காட்டுங்கள்.