உடம்பு சொல்லாது: விமான, விண்வெளி உடல்நலப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமுக்கம் குறைக்கப்பட்ட ஓர் அறைக்குள் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்த காற்று 25,000 அடி உயரத்துக் காற்றுக்குச் சமம். பயிற்றுநர் ஒட்சிசன் மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார். கையில் ஒரு தாளும் பென்சிலும். 100இல் இருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். 93, 86, 79, 72 என்று எழுதினேன். அடுத்ததும் 72. அதற்கடுத்ததும் 72. "மாஸ்க்கைப் போடுங்கள்" என்று பயிற்றுநர் சொன்னபோது அவரைப் பார்த்துச் சிரித்தேனாம். பக்கத்தில் நின்றவர்தான் போட்டுவிட்டார். கணக்கு நன்றாகப் போகிறது என்றே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். விரல் நகம் நீலமாகியிருந்தது கண்ணில் படவே இல்லை.

இந்தத் துறையைப் பற்றிக் கேட்டு வரும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு முதலில் அந்தத் தாளைத்தான் காட்டுவேன். சீனக்குடாவில் விமானப்படையின் கல்லூரி இருக்கிறது. பயிற்சி விமானங்கள் குடாவுக்கு மேலே சுற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். விமானியாக வேண்டும், விண்வெளி வைத்தியராக வேண்டும் என்ற ஆசை இங்கே நிறையப் பேருக்கு உண்டு. பயிற்சிக்குப் போகிற பலரும் ஒரே தவறைத்தான் வெவ்வேறு விதமாகச் செய்கிறார்கள். ஏதாவது பிழைத்தால் உடம்பு தானாகவே சொல்லிவிடும் என்று நம்புகிறார்கள். வைத்தியசாலையில் பார்ப்பது வழக்கமான சூழலில் நோயுற்ற உடம்பை. இங்கே பார்ப்பது வழக்கமில்லாத சூழலில் அகப்பட்ட ஆரோக்கியமான உடம்பை. அந்தச் சூழலில் முதலில் கெடுவது, கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்க வேண்டிய மூளைதான்.

ஒட்சிசன் குறைவையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைச்சுற்று, விறைப்பு, பார்வை மங்கல், காரணமில்லாத உற்சாகம் என்று அறிகுறிகளைப் பாடமாக்கிப் பரீட்சையில் முழுப் புள்ளி எடுக்கிறார்கள். ஆனால் அறிகுறி ஆளுக்கு ஆள் வேறு. உங்களுக்கு எது முதலில் வரும் என்று கண்டுபிடிக்கத்தான் அமுக்க அறைக்கே அனுப்புகிறார்கள். இரண்டாம் முறை போனபோதுதான் என்னுடையதைப் பிடித்தேன்: காதோரம் சூடாகும். "எனக்கு ஒன்றுமே செய்யவில்லை" என்று பெருமையாக வெளியே வருகிறவருக்கு அந்த நாள் வீண். 25,000 அடியில் புத்தி தெளிவாக இருப்பது 3 முதல் 5 நிமிடம். 35,000 அடியில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். 2005 ஓகஸ்ட் 14ஆம் திகதி ஹீலியோஸ் நிறுவனத்தின் விமானம் ஒன்று கிரேக்கத்தில் மலையில் விழுந்து 121 பேர் இறந்தார்கள். அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஆளி, பராமரிப்பு வேலைக்குப் பிறகு தானியங்கி நிலைக்குத் திருப்பப்படாமல் இருந்தது. எச்சரிக்கை ஒலி கேட்டது. விமானிகள் அதை வேறொன்றின் எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நினைவு போய்விட்டது. முதலில் மாஸ்க், பிறகுதான் ஆராய்ச்சி. இந்த வரிசையைக் கை தானாகவே செய்யும்வரை பழக வேண்டும்.

அடுத்தது காது. கார்த்திகை, மார்கழியில் கொட்டியாரக் குடாப் பக்கம் பாருங்கள். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம், அடிவானமே இருக்காது. எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று அறிய உடம்பு காதைத்தான் நம்பும். ஒரு செம்புத் தண்ணீரைச் சுழற்றினால் முதலில் செம்பு மட்டும் சுற்றும். கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் சேர்ந்து சுற்றும். செம்பை நிறுத்தினாலும் தண்ணீர் நிற்காது. உட்காதில் உள்ள அரைவட்டக் கால்வாய்களின் திரவமும் இப்படித்தான். நீண்ட திருப்பத்தில் அது குழாயோடு சேர்ந்து ஓடத் தொடங்கியதும் நேராகப் போவதாகத் தோன்றும். நேராக்கினால் மறுபக்கம் திரும்புவதாகத் தோன்றும். 1954இல் இலினோய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைப் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரைக் கொண்டு செய்த சோதனையில், முகிலுக்குள் போனதுபோல் வெளிப்பார்வையை மறைத்தபின் சராசரியாக 178 செக்கன்களில் கட்டுப்பாடு போய்விட்டது. சுழல் நாற்காலிப் பயிற்சியில் சிரித்து விளையாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கும். கண்ணைக் கட்டி, பெருவிரலால் எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்று காட்டச் சொல்வார்கள். நாற்காலி நின்றபிறகும் விரல் எதிர்ப்பக்கத்தைக் காட்டும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் அந்தப் பயிற்சியே.

சரி, பணத்துக்கு வருவோம். பெற்றோர் நகையை அடகு வைத்து விமானப் பயிற்சிக்குக் காசு கட்டியபின் பிள்ளை மருத்துவப் பரிசோதனைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து மாற்றிச் செய்யுங்கள். வணிக விமானிக்கு முதலாம் வகுப்பு, தனியார் விமானிக்கு இரண்டாம் வகுப்பு, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்கு மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். சிவில் விமான அதிகாரசபை அங்கீகரித்த வைத்தியரிடம் அதற்குரிய பரிசோதனையை முடித்துவிட்டுப் பிறகு கட்டணத்தைக் கட்டுங்கள். கண்ணாடி போட்டால் விமானியாக முடியாது என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். முதலாம் வகுப்புக்குக் கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரு கண்ணும் சேர்ந்து 6/6 இருந்தால் தூரப்பார்வைக்குப் போதும். இது தெரியாமல் உயர்தரத்திலேயே ஆசையைக் கைவிட்ட ஒரு தங்கச்சியை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கும்.

நோயை மறைப்பதும் இங்கேதான் தொடங்குகிறது. பரிசோதிக்கும் வைத்தியரை எதிரியாக நினைக்கிறார்கள். தடிமன் என்றால் யாருக்கும் சொல்லாமல் ஒரு பிரிட்டோன் குளிசையைப் போட்டுக்கொண்டு பறக்கப் போகிறார்கள். அந்தக் குளிசை தூக்கத்தைக் கொடுக்கும், கை வேகத்தைக் குறைக்கும். தூக்கம் வருவதாகத் தோன்றாவிட்டாலும் அப்படித்தான். ஏறும்போது நடுக்காதுக் காற்று தானாக வெளியேறிவிடும். இறங்கும்போதோ, நடுக்காதைத் தொண்டையோடு இணைக்கும் குழாய் தடிமனால் வீங்கித் திறக்காமல் செவிப்பறை உள்ளே இழுபடும். அந்த வலியோடு ஓடுபாதையைப் பார்த்து இறங்குவது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், காலையில் நேரே மதிப்பீட்டுக்கு உட்காருகிறவர்களும் உண்டு. 17 மணிநேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று 1997இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வு காட்டியது. முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் அதிகம் சொல்வது இனிமேல்தான். "சேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று வளர்ந்தவர்கள் நாங்கள். மரியாதை நல்லதுதான். ஆனால் 1977 மார்ச் 27ஆம் திகதி டெனெரீஃப் தீவில், பனிமூட்டத்தில், மற்ற விமானம் ஓடுபாதையை விட்டுப் போய்விட்டதா என்று விமானப் பொறியியலாளர் கேட்டார். தலைமை விமானி போய்விட்டது என்று அடித்துச் சொன்னதும் அவர் அத்தோடு விட்டுவிட்டார். இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். விமானக் குழுவினர் மூத்தவரிடமும் வாய்திறந்து பேசப் பழகும் பயிற்சி அதற்குப் பிறகு உலகெங்கும் வலுப்பெற்றது. பாடமாகப் படித்தால் மட்டும் இது வராது. "சேர், எனக்கு இது சரியாகப் படவில்லை, நிறுத்துவோம்" என்ற வசனத்தைச் சத்தமாக, ஆளின் முகத்தைப் பார்த்து, பல தடவை சொல்லிப் பழகுங்கள். முதல் தடவை குரல் நடுங்கும். நடுங்கட்டும்.

விண்வெளி என்றதும் அங்கே ஈர்ப்பே இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தில் பூமியின் ஈர்ப்பில் சுமார் 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் ஆட்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான் மிதக்கிறார்கள். எடை தாங்கும் எலும்பு மாதம் 1 முதல் 1.5 சதவீதம்வரை குறையக்கூடும் என்பதால் தினமும் ஏறத்தாழ இரண்டு மணிநேரம் உடற்பயிற்சி. அங்கே ஒருவருக்குக் கழுத்து நாளத்தில் இரத்தம் உறைந்ததைக் கண்டுபிடித்து, பூமியில் இருந்த வைத்தியர்கள் சொல்லச் சொல்ல மருந்து கொடுத்துச் சமாளித்த விவரம் 2020இல் வெளியானது. விண்வெளி வைத்தியம் என்றால் பெரும்பாலும் இதுதான்: பொறுமையான, தூரத்தில் இருந்து செய்யும் வேலை. அடிப்படை உடலியலைத் தாண்டிக் குதித்து நேரே விண்வெளிக்குப் போக முடியாது.

இணையத்தில் எடுக்கும் குறுங்காலச் சான்றிதழ் அறிவுக்கு உதவும், விமானிகளைப் பரிசோதிக்கும் அதிகாரத்தைத் தராது. வைத்தியர்களுக்குப் பக்கத்தில் உள்ள பெரிய இடம், 1957இல் பெங்களூரில் தொடங்கிய இந்திய விமானப்படையின் விமான மருத்துவ நிறுவனம். தாதியர், உளவியலாளர், பொறியியலாளர்களுக்கும் இந்தத் துறையில் இடம் உண்டு.

கடைசியாக, எங்கள் ஊருக்கே உரிய ஒரு தவறு. நிலாவெளியில் சுழியோட்ட வழிகாட்டியாக வேலைசெய்யும் ஒரு தம்பி, பயிற்சி நேர்முகத்துக்காக அன்று பின்னிரவு ஒரு மணிக்குக் கட்டுநாயக்கவில் விமானம் ஏற இருந்தார். புறாத்தீவில் இரண்டு தடவை சுழியோடிவிட்டுக் காலை பதினொரு மணிக்குத்தான் கரையேறியிருந்தார். 14 மணிநேரம்தான் இடைவெளி. ஆழத்தில் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைதரசன், அமுக்கம் சட்டென்று குறைந்தால் சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் குமிழியாகும். விமானத்தின் உள்ளமுக்கம் 8,000 அடிவரையான உயரத்துக்குச் சமமாக இருக்கலாம். பீதுருதாலகால உச்சியில் போய் உட்கார்ந்ததுபோல. விண்வெளி நடைக்குப் போகிறவர் முதலில் தூய ஒட்சிசனைச் சுவாசித்து நைதரசனை வெளியேற்றுவதும் இதே காரணத்துக்காகத்தான், அவரது உடையின் அமுக்கம் தரைமட்டத்தைவிட மிகக் குறைவு. ஒரு சாதாரண சுழியோட்டத்துக்குப் பிறகு குறைந்தது 12 மணிநேரமும், பல தடவை சுழியோடினால் 18 மணிநேரமும், படிப்படியாக நின்று ஏற வேண்டிய ஆழச் சுழியோட்டத்துக்குப் பிறகு அதைவிடக் கூடுதலாகவும் பொறுக்க வேண்டும் என்பது சுழியோடிகளின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலேர்ட் நெட்வேர்க் அமைப்பின் வழிகாட்டல். சுழியோடிவிட்டு அன்றே வாகனத்தில் நுவரெலியாவுக்கு ஏறுவதும் இதில் சேரும்.

"எனக்கு ஒன்றும் செய்யாது அண்ணா, பழகிய உடம்பு" என்றார் தம்பி. மேசையில் இருந்த அந்த 72, 72, 72 தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். விமானத்தை மறுநாள் இரவுக்கு மாற்றினார்.